தம்பதியில் ஒருவருக்கு ஸ்கோர் 762, இன்னொருவருக்கு 561: வாடகை அப்ளிகேஷனை எப்படி எடைபோடுவது? (கலிஃபோர்னியா)

எல்க்குரோவ்_ஓனர் கேட்கிறார்:

வீடு சாக்ரமென்டோ பக்கம் எல்க் குரோவில். மூன்று படுக்கையறைத் தனிவீடு. என் பெயரில் இருக்கும் ஒரே வாடகை வீடு. வாடகை மாதம் 3,200 டாலர். அப்ளிகேஷனோடு கொடுத்த தகுதித் தாளில் மூன்றே வரிதான்: மொத்த வருமானம் வாடகையைப் போல் 3 மடங்கு, கிரெடிட் ஸ்கோர் 650க்கு மேல், முந்தைய வீட்டு உரிமையாளரிடம் விசாரிப்பு. ஜோடியாக வந்தால் எப்படிக் கணக்கிடுவேன் என்று எழுதவில்லை.

முதலில் வந்த அப்ளிகேஷன் ஒரு ஜோடியுடையது. அவர் (பெண்): மருத்துவமனை வேலை, மாதச் சம்பளம் பிடித்தங்களுக்கு முன் 6,900, ஸ்கோர் 762. இவர் (ஆண்): சொந்தத் தொழில், மாதம் 4,800 என்று எழுதியிருக்கிறார், ஸ்கோர் 561. இவருடைய ரிப்போர்ட்டில் 2022இல் வங்கி வராக்கடனாக எழுதிய கார் கடன் (7,900 டாலர் பாக்கி), ஒரு மொபைல் கம்பெனிக் கடன் 640 டாலர், ஒரு மருத்துவக் கடன், கார்டு வரம்பில் 94% வரை பயன்பாடு. எவிக்‌ஷன் (வாடகைதாரரைக் கோர்ட் மூலம் வெளியேற்றுவது) எதுவும் தெரியவில்லை.

"லீஸை என் பெயரில் மட்டும் போடுங்கள், அவர் கூடத் தங்குபவராக இருக்கட்டும்" என்கிறார் அந்தப் பெண். தேவைப்பட்டால் தன் அப்பா ஜாமீன் போடுவார் என்றும் சொல்கிறார். என் கேள்விகள்:

1. இரண்டு ஸ்கோரின் சராசரி 661.5. அதை வைத்துத் தேறியதாக எடுக்கலாமா?
2. லீஸில் ஒருவர் பெயர் மட்டும் போதுமா?
3. டெபாசிட்டைக் கூட்டிக் கேட்கலாமா?
4. மறுத்தால் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

---

கணக்குப்புலி:

சராசரியை விட்டுவிடுங்கள். கடன் கட்டுவது இருவரும் தனித்தனியாக. 762 வைத்திருப்பவர் 561 வைத்திருப்பவரின் பழக்கத்தில் பாதியை வாங்கிக்கொள்வதில்லை. 800-உம் 500-உம் சேர்ந்தாலும் சராசரி 650தான். அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வருமானம் வேறு விஷயம். அதைக் கூட்டியே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் அது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. அரசாங்கச் சட்டத் தொகுப்பு பிரிவு 12955(n) சொல்வது: கணவன் மனைவியின் வருமானத்தை எப்படிக் கூட்டுகிறீர்களோ, சேர்ந்து வாழும் வேறு யாருடைய வருமானத்தையும் அதே முறையில் கூட்ட வேண்டும். கல்யாணமான ஜோடி என்றால் கூட்டுவது, ஆகாத ஜோடி என்றால் ஆளுக்கு 3 மடங்கு கேட்பது என்பதெல்லாம் நேரடிப் பாகுபாடு. ஆகவே "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வியே வேண்டாம். அப்ளிகேஷனில் கேட்க வேண்டியது: 18 வயது நிரம்பிய, வீட்டில் தங்கப்போகும் எல்லோர் பெயரும். அவ்வளவுதான்.

அடுத்து 561க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மருத்துவக் கடனை ஒதுக்கிவிடுங்கள். 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் அது ரிப்போர்ட்டிலேயே வரக்கூடாது. 94% கார்டு பயன்பாடு ஸ்கோரை நன்றாகவே இழுக்கும். ஆனால் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தால் அது பண நெருக்கடிக்கு அடையாளம், ஏமாற்றுக்கு அல்ல. மொபைல் கம்பெனி 640 டாலர் பெரிதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது கார் கடன். அதற்குக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியிருந்தால் கடன்காரர் அவருடைய வங்கிக் கணக்கையே முடக்கலாம், அதுவும் ஒன்றாம் தேதிக்கு முந்தைய நாள். அந்தத் தீர்ப்பு ரிப்போர்ட்டில் தெரியாது. சிவில் தீர்ப்புகளை மூன்று கிரெடிட் பீரோக்களும் 2017இல் எடுத்துவிட்டன. அவர் கடைசி ஐந்து வருஷம் வாழ்ந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் சிவில் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். ஆனால் ஒருவருக்குத் தேடினால் இனி எல்லோருக்கும் தேட வேண்டும். வழக்கத்தைத் தகுதித் தாளிலும் எழுதுங்கள்.

"எவிக்‌ஷன் எதுவும் தெரியவில்லை" என்பதில் ரொம்ப நிம்மதி அடைய வேண்டாம். இங்கே எவிக்‌ஷன் வழக்கு பதிவானதும் அது மூடியே இருக்கும். 60 நாளுக்குள் வீட்டு உரிமையாளர் வென்றால், அல்லது அதற்குப் பிறகு விசாரணை நடந்து வென்றால்தான் பொதுவுக்குத் திறக்கும். சமரசமாக முடிந்தவை பெரும்பாலும் எதிலும் வராது. அதனால் முந்தைய உரிமையாளரை விசாரிப்பதோடு, 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டில் வாடகை போன தேதிகளைக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 5 தேதிக்குள் போயிருந்தால், வாடகை விஷயத்தில் அது 561ஐ விடப் பெரிய சாட்சி. இதை இருவரிடமும் கேட்க வேண்டும், இவரிடம் மட்டும் அல்ல.

---

சாக்ரமென்டோ_மேனேஜர்:

மேலே சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பிரித்துப் படித்து "இது நெருக்கடி, அது ஏமாற்று" என்று தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தால், நாளை இன்னொரு ஜோடி வந்து "எங்களை மட்டும் ஏன் வேறு மாதிரி படித்தீர்கள்?" என்று கேட்கும்போது பதில் இருக்காது. பல வீடுகளைப் பார்ப்பவர்கள் "வயது வந்த ஒவ்வொருவரும் குறைந்தபட்ச ஸ்கோர் எடுக்க வேண்டும்" என்று வைப்பதற்குக் காரணம் அதுதான். கரடுமுரடான விதி, ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி. வேண்டுமானால் ஒரு கதவு திறந்து வையுங்கள்: "ஒருவர் 650க்குக் கீழ் இருந்தால், இருவரும் சேர்ந்து 12 மாத வாடகைச் சான்று கொடுத்து, வீடு சம்பந்தமான கடன் எதுவும் இல்லாவிட்டால் ஏற்கப்படும்." இதுவும் எழுத்தில் இருந்தால் விதிதான்.

எந்த ஸ்கோர் என்பதையும் எழுதுங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு வரும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஃபைகோ ஸ்கோர் இருக்காது. வான்டேஜ்ஸ்கோர் இருக்கும், இல்லையென்றால் டிரான்ஸ்யூனியனின் ரெசிடென்ட்ஸ்கோர். ரெசிடென்ட்ஸ்கோர் 350இல் தொடங்குகிறது, மற்ற இரண்டும் 300இல். ஒரே ஆளுக்கு மூன்றும் மூன்று எண் காட்டும். "650" என்று வெறுமனே எழுதினால் அப்ளிகன்ட் தன் போனில் தெரியும் எண்ணைக் காட்டி வாதாடுவார்.

இப்போது உங்கள் உடனடிச் சிக்கல். 2025 ஜனவரி 1 முதல் ஸ்கிரீனிங் கட்டணம் (அப்ளிகன்ட்டைச் சரிபார்க்க வாங்குவது) வாங்கினால் இரண்டே வழி. ஒன்று: வந்த வரிசையில் பரிசீலித்து, எழுத்தில் கொடுத்த தகுதியை நிறைவேற்றும் முதல் ஆளுக்கே கொடுக்க வேண்டும், பரிசீலிக்கும் முறை வரும் வரை கட்டணமும் வாங்கக்கூடாது. இரண்டு: தேர்வாகாத எல்லோருக்கும், காரணம் எதுவானாலும், கட்டணத்தை முழுதாகத் திருப்ப வேண்டும், ஆளைத் தேர்ந்தெடுத்த 7 நாளுக்குள் அல்லது அப்ளிகேஷன் வந்த 30 நாளுக்குள், எது முதலில் வருகிறதோ அது. நீங்கள் முதல் வழியில் போயிருந்தால், "650க்கு மேல்" என்பது ஆளுக்கா ஜோடிக்கா என்று சொல்லாதது உங்கள் தாளின் ஓட்டை. அப்ளிகேஷனைப் பார்த்த பிறகு "ஒவ்வொருவருக்கும்" என்று சேர்த்து எழுதுவது மோசமாகத் தெரியும். இந்தச் சுற்றில் ஓட்டையை அப்ளிகன்ட்டுக்குச் சாதகமாகவே படியுங்கள்; தாளை அடுத்த விளம்பரத்துக்குத் திருத்துங்கள்.

ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டின் நகலையும், உங்கள் கைக்கு வந்த 7 நாளுக்குள், அவரவருடையதை அவரவருக்கு அனுப்ப வேண்டும். பலர் மறப்பது இது.

---

ட்ராசி_வாடகை:

இரண்டாவது கேள்விக்கு: ஒருவர் பெயரில் மட்டும் லீஸ் வேண்டவே வேண்டாம்.

சமாதானமாக இருக்கும் வரை அது நன்றாகத்தான் தெரியும். பிரிந்தால் போவது யார், இருப்பது யார் என்பது உங்கள் கையில் இல்லை. 762 வெளியேறி, 561 வீட்டில் இருந்தால், உங்களோடு ஒப்பந்தமே இல்லாத ஒருவர் உள்ளே இருக்கிறார். அவரிடம் லீஸ்படி வாடகை கேட்க முடியாது. வெளியேற்றப் போனால் சிபி10.5 என்ற படிவத்தையும் (லீஸில் பெயரில்லாமல் குடியிருப்பவர் உரிமை கோருவதற்கானது) சேர்த்து சர்வ் செய்யாவிட்டால், லீஸில் பெயரில்லாதவர் கடைசி நேரத்தில் "நானும் இங்கே குடியிருக்கிறேன்" என்று மனு போட்டு வழக்கை இழுக்கலாம். தவிர, 6,900 மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் வாடகையின் 3 மடங்கான 9,600ஐத் தொடவே இல்லை. அந்த ஆணின் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் வாங்காமல் விடுவதில் என்ன நியாயம்?

இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். லீஸில் இந்த நான்கும் இருக்கட்டும்: இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழு வாடகைக்கும் பொறுப்பு, வாடகை ஒரே தொகையாக வர வேண்டும், பாதிப் பாதியாக இரண்டு பேரிடமிருந்து அல்ல, ஒருவர் போனாலும் லீஸ் முடியும் வரை அவர் பொறுப்பு போகாது, டெபாசிட் வீடு முழுவதும் காலியான பிறகே தீர்க்கப்படும். "என் பங்கு 1,600 கட்டிவிட்டேன்" என்ற பேச்சை இரண்டாவது வரி தடுக்கும். மூன்றாவது வரிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: குடும்ப வன்முறைக்கு ஆளானவர் உரிய சான்றோடு 14 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அப்போது அவரை மீதி மாதங்களுக்குத் துரத்த முடியாது.

பின்னால் சேர்க்கலாம் என்று இப்போது விடுவதிலும் ஒரு வினை இருக்கிறது. உங்கள் வீடு காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லத் தடை விதிக்கும் சிவில் கோட் 1946.2க்குள் வருமானால், வழக்கமாக 12 மாதத்தில் தொடங்கும் பாதுகாப்பு, நடுவில் வயது வந்த ஒருவரை லீஸில் சேர்த்தால் வேறு கணக்காகும்: எல்லோரும் 12 மாதம் முடிக்க வேண்டும், அல்லது ஒருவராவது 24 மாதம். தனிநபர் பெயரில் உள்ள தனிவீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு அறிவிப்பு லீஸிலேயே எழுதியிருந்தால்தான்.

---

எல்க்குரோவ்_ஓனர்:

நன்றி. இருவர் பெயரிலும்தான் லீஸ் என்று சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள். இப்போது அந்த ஆணின் வருமான வரிக் கணக்கு வந்திருக்கிறது. ஷெட்யூல் சி (சொந்தத் தொழிலின் வரவு செலவுப் படிவம்), போன வருஷம்: வரி 1இல் (மொத்த வரவு) 57,600, வரி 13இல் தேய்மானம் 3,600, வரி 31இல் (நிகர லாபம்) 31,200. அதற்கு முந்தைய வருஷம் வரி 31இல் 24,000, தேய்மானம் அதே 3,600. 4,800 என்று எழுதியது பொய்யா?

---

கணக்குப்புலி:

பொய்யில்லை. 57,600ஐ 12ஆல் வகுத்தால் 4,800தான். உங்கள் தாளில் "மொத்த வருமானம்" என்று இருக்கிறது. சொந்தத் தொழில்காரர் அதை மொத்த வரவு என்று படிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வாடகை கட்டுவது வரவிலிருந்து அல்ல, செலவு போக மிஞ்சுவதிலிருந்து. ஆகவே பார்க்க வேண்டியது வரி 31.

31,200 என்றால் மாதம் 2,600. அந்தப் பெண்ணின் 6,900உடன் சேர்த்தால் 9,500. வேண்டியது 9,600. நூறு டாலர் குறைகிறது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு மறுக்கிறார்கள். தேய்மானம் கையிலிருந்து போன காசு அல்ல, கணக்கில் மட்டும் கழிப்பது. 3,600ஐத் திரும்பக் கூட்டினால் மாதம் 300. ஆக 9,800, தேறிவிட்டது. இரண்டு வருஷச் சராசரி எடுத்தாலோ நிகர லாபம் 27,600, மாதம் 2,300, தேய்மானத்தோடு 2,600; மறுபடியும் 9,500, தேறவில்லை. ஒரே ஆள், இரண்டு கணக்கு, இரண்டு முடிவு. உங்கள் தாளில் சராசரி என்று எழுதவில்லை என்பதால் கடைசி வருஷத்தையே எடுங்கள். வருமானம் ஏறுமுகமாகவும் இருக்கிறது. இந்த வருஷத்து ஆறு மாத வங்கி வரவு அதைத் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இறங்குமுகமாக இருந்திருந்தால் தயங்கியிருப்பேன்.

கூடவே வரி 9, வரி 30 இரண்டையும் கவனியுங்கள். வரி 9இல் மைல் கணக்கில் கார் செலவு கழித்திருந்தால் (2024க்கு மைலுக்கு 67 சென்ட்), அதற்குள்ளும் தேய்மானம் ஒளிந்திருக்கிறது. வரி 30 வீட்டு அலுவலகச் செலவு. அது அவர் இப்போது கட்டும் வாடகையின் ஒரு பகுதி. அதைக் கழித்த பிறகு மீதியை வாடகையோடு ஒப்பிட்டால் ஒரே செலவை இரண்டு முறை கழிக்கிறீர்கள். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: சொந்தத் தொழில்காரர் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியை முழுதாக 15.3% தானே கட்டுகிறார். சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டுகிறார். ஒரே எண்ணாக இருந்தாலும் கையில் நிற்பது குறைவு.

அவர் கொடுத்த காகிதம் அச்சடித்தது மட்டும் என்றால், ஐஆர்எஸ் (கூட்டாட்சி வரித் துறை) இணையக் கணக்கிலிருந்து வரி டிரான்ஸ்கிரிப்டை அவரே இறக்கித் தரச் சொல்லுங்கள். திருத்திய பிடிஎஃப் அங்கே பிடிபடும்.

---

சாக்ரமென்டோ_மேனேஜர்:

டெபாசிட்டும் ஜாமீனும்.

2024 ஜூலை 1 முதல் டெபாசிட் உச்சவரம்பு ஒரு மாத வாடகை. சிறு உரிமையாளருக்கு (தனிநபர், அதிகபட்சம் இரண்டு சொத்து, மொத்தம் நான்கு வீட்டுக்குள்) இரண்டு மாதம். நீங்கள் அதற்குள் வருகிறீர்கள், ஆக 6,400 வரை. அப்ளிகன்ட் ராணுவத்தில் பணியாற்றுபவர் என்றால் இந்தச் சலுகை கிடையாது. "கடைசி மாத வாடகை" என்று பெயர் மாற்றி வாங்கினாலும் அது டெபாசிட் கணக்கில்தான் சேரும். மூன்று மாத முன்பணம் வாங்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், லீஸ் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாத முன்வாடகையைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதை நீங்கள் நிபந்தனையாக வைக்க வேண்டாம்.

ஜாமீன் என்றால் அப்பாவையும் முழுதாக ஸ்கிரீன் செய்யுங்கள். அவர் தன் வீட்டுச் செலவையும் தாங்கி இதையும் தாங்க வேண்டும் என்பதால் வாடகையைப் போல் 4 அல்லது 5 மடங்கு கேட்பது வழக்கம். ஜாமீன் பத்திரம் தனி எழுத்தாக இருக்கட்டும். லீஸ் புதுப்பித்தலுக்கும் வாடகை உயர்வுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். சிவில் கோட் 2819படி, ஜாமீன்தாரரைக் கேட்காமல் அசல் ஒப்பந்தத்தை மாற்றினால் அவர் விடுபட்டுவிடுவார். அந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கும் வாசகமும் வேண்டும். ஒரு வக்கீலிடம் ஒரு முறை எழுதி வாங்கினால் போதும்.

நோட்டீஸ் விஷயம் முக்கியம். மறுத்தால் மட்டும்தான் கடிதம் என்று நினைக்காதீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து ஜாமீன் கேட்டாலும், மற்றவரை விடக் கூடுதல் டெபாசிட் கேட்டாலும் எஃப்சிஆர்ஏ (கிரெடிட் ரிப்போர்ட்டுகளுக்கான கூட்டாட்சிச் சட்டம்) படி அதுவும் பாதகமான முடிவுதான். கடிதத்தில்: ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் பெயர், முகவரி, போன், முடிவு எடுத்தது அந்த நிறுவனம் அல்ல என்ற வரி, 60 நாளுக்குள் இலவச நகல் கேட்கலாம், தவறிருந்தால் மறுக்கலாம், ஸ்கோரைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எண், அதன் வீச்சு, தேதி, அதைக் குறைத்த முக்கியக் காரணங்கள்.

ஜோடி என்றால் ஒரே கடிதத்தில் இருவர் ஸ்கோரையும் போடக்கூடாது. இரண்டு உறை, இரண்டு கடிதம், இரண்டு மின்னஞ்சல் முகவரி. கணவன் மனைவிதானே என்று ஒருவரிடம் போனில் "உங்கள் வீட்டுக்காரரின் கார் கடன்தான் தடை" என்று சொல்லிவிடுவது சகஜமாக நடக்கிறது. அந்தக் கடன் அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

---

ஃபோல்சம்_புதியவர்:

இதே மாதிரி ஒரு சந்தேகம். கணவர் எச்-1பி (வேலை விசா), சம்பளம் நன்றாக இருக்கிறது. மனைவி எச்-4 (அவரைச் சார்ந்து வந்தவருக்கான விசா), வந்து இரண்டு மாதம், எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லை, ஸ்கோரே வரவில்லை. 650 இல்லை என்று எடுத்துக்கொள்வதா?

---

ட்ராசி_வாடகை:

இல்லாத ஸ்கோர் வேறு, மோசமான ஸ்கோர் வேறு. "கிரெடிட் வரலாறு இல்லாதவர், மற்றவரின் வருமானமே முழுத் தகுதியையும் நிறைவேற்றினால், ஸ்கோர் தேவையிலிருந்து விலக்கு" என்று ஒரு வரி தாளில் சேருங்கள். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். ஆனால் விசா என்ன, எப்போது முடிகிறது என்று கேட்காதீர்கள். குடியேற்ற நிலையை வாடகைக்காரரிடம் விசாரிக்க சிவில் கோட் 1940.3 தடை விதிக்கிறது. வேலை நிச்சயமா என்பதற்கு வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்கலாம், எல்லோரிடமும் கேட்பது போல. அந்த மனைவியும் லீஸில் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் ஆட்கள் நட்பாகக் கேட்கும் "எந்த ஊர், சைவமா, குழந்தை உண்டா, எப்போது பெற்றுக்கொள்வதாக உத்தேசம்" எல்லாம் ஸ்கிரீனிங் பேச்சில் வரவே கூடாது. மறுத்த பிறகு அதுதான் முதல் சாட்சியாக வரும்.

---

பிளேனோ_வீடு:

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு: டெபாசிட் வரம்பு, வருமானம் கூட்டும் விதி இவை கலிஃபோர்னியாவுக்கு மட்டும். இங்கே டெபாசிட்டுக்குச் சட்ட உச்சவரம்பு இல்லை, திருமண நிலை மாநிலச் சட்டத்தின் பட்டியலிலும் இல்லை. ஆனால் தகுதி விவரத்தை அப்ளிகேஷன் கொடுக்கும்போதே அச்சில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காமல் மறுத்தால் கட்டணத்தையும் அப்ளிகேஷன் டெபாசிட்டையும் திருப்ப வேண்டிவரும். அப்ளிகேஷன் வந்த 7 நாளுக்குள் ஏற்றதாகச் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே சட்டம் கருதும். எஃப்சிஆர்ஏ நோட்டீஸ் கூட்டாட்சிச் சட்டம், எங்கும் ஒன்றுதான்.

---

எல்க்குரோவ்_ஓனர்:

கோர்ட் பட்டியலில் கார் கடனுக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை. 12 மாத வாடகையும் 3ஆம் தேதிக்குள் போயிருக்கிறது, ஆறு மாத வங்கி வரவும் போன வருஷத்துக்குக் குறையவில்லை. ஜாமீன் கேட்கவில்லை, டெபாசிட் எல்லோருக்கும் சொன்ன அதே 3,200. இரண்டு பேர் கையெழுத்தோடு லீஸ் போகிறது. அடுத்த முறைக்கான தகுதித் தாளில் இப்போது எழுதியிருப்பது: "வயது வந்த எல்லோர் வருமானமும் கூட்டப்படும், சொந்தத் தொழிலுக்குக் கடைசி வருஷ ஷெட்யூல் சி வரி 31உடன் வரி 13, ஒவ்வொருவருக்கும் வான்டேஜ்ஸ்கோர் 650, குறைந்தால் 12 மாத வாடகைச் சான்று, வீட்டுக் கடன் பாக்கி இருக்கக்கூடாது." ஏதாவது விட்டுப்போனதா?

---

கணக்குப்புலி:

"வீட்டுக் கடன் பாக்கி" என்றால் மார்ட்கேஜ் என்று படிப்பார்கள். "முந்தைய வீட்டு உரிமையாளருக்கு வாடகை அல்லது சேத பாக்கி" என்று மாற்றுங்கள். 2020 மார்ச் 1 முதல் 2021 செப்டம்பர் 30 வரையிலான கோவிட் கால வாடகை பாக்கியைக் கணக்கில் எடுப்பதில்லை என்றும் சேருங்கள். வரி 30 பற்றி ஒன்றும் எழுதவில்லை: கூட்டுவீர்களா மாட்டீர்களா என்று இப்போதே முடிவு செய்து எழுதுங்கள். பிரிவு 8 உதவி (குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் வாடகை உதவி) பெறுபவருக்கு 3 மடங்கைக் கணக்கிடுவது முழு வாடகைக்கு அல்ல, அவர் கையிலிருந்து கட்டும் பங்குக்கு மட்டும். அவர்களுக்குக் கிரெடிட் வரலாற்றுக்குப் பதிலாக வாடகை கட்டும் வசதிக்கான வேறு சான்று கொடுக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். இந்த இரண்டு வரியும் இல்லை.